உறையாத எண்ணெய்

முதலாளியின் கண்ணாடி அலுமாரிக்கு மேலே எப்போதும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் இருக்கும். கண்டி நகரில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கிற கடையில் எண்ணெய்க்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மார்கழிக் காலையில் கடை திறந்ததும் அவர் முதலில் அதைத்தான் கவிழ்த்துப் பார்ப்பார். எண்ணெய் வெள்ளையாக உறைந்து அசையாமல் நின்றால், "பனி வந்துட்டுது, சாமான எறக்குங்க" என்பார். கணக்கெழுதுகிற நானும் எழுந்து போய் மேல்தட்டு மூட்டைகளை இறக்குவேன். அந்தக் காலத்தில் போத்தல் பொய் சொன்னதில்லை.

எண்ணெய் கொடுப்பவர் கலகெதரையில் எண்ணெய் மில் வைத்திருந்த, முதலாளியின் கூட்டாளி. முதலாளி அவரை அண்ணன் முறை வைத்து "நானா" என்பார். கூடப் பிறந்தவர்களோடுகூட முதலாளி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. "ஊரு குளிர்ல நடுங்கினாத்தான் ஒனக்குச் சோறு" என்று சீண்டிக்கொண்டேதான் நானா கடைக்குள் நுழைவார்.

பிறகு ஒரு மார்கழியில் எண்ணெய் அடியில் கொஞ்சம் மங்கியதே தவிர உறையவில்லை. அடுத்த மார்கழியிலும் அதே கதை. மூட்டைகள் மேல்தட்டிலேயே கிடந்தன. சுத்தமான தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறையும், மலிவு எண்ணெய் கலந்தால் உறையாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். முதலாளிக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. நானா வந்தபோது, வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதுல என்னத்தக் கலந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். நானா அதைக் கேலி என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு முகம் செத்துப்போனது. "கலப்படம் செஞ்சு புள்ளைகளுக்குச் சோறு போட்டவன் இல்ல தம்பி நான்" என்றார். பிளேன்டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனவர் அந்தப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

முதலாளியின் மகள் மடவளையில் விஞ்ஞான ஆசிரியை. அடுத்த மார்கழியில் அவர் வீட்டிலேயே தேங்காய் துருவிப் பால் காய்ச்சி எண்ணெய் எடுத்து, பழைய போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி மங்கி நின்றன, இரண்டும் உறையவில்லை. "ஒரு வருஷத்துச் சூட்ட வச்சுச் சொல்ல ஏலாது வாப்பா. ஆனா வருஷா வருஷம் ராவு சூடாகிக்கிட்டே வருது" என்றார். பெரிய பெரிய நாடுகள் தலைமுறை தலைமுறையாக எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் விட்ட புகை பூமிக்குக் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிட்டது, காடு வெட்டியதும் சேர்ந்துகொண்டது என்று விளக்கினார். கம்பளி விற்கிற மனிதர் இரண்டு போத்தலையும் மாறி மாறிக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு, "அப்ப கலப்படம் எண்ணெயில இல்ல, காத்துலயா மகள்?" என்றார்.

முதலாளி உடனே கலகெதரைக்கு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு போவது என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். முந்திக்கொண்டு வந்தது நானாவின் மவுத்துச் செய்தி. ஜனாஸா அடக்கத்துக்கு நானும் கூடப் போனேன். வழக்கப்படி மூத்த மகன் எழுந்து நின்று, "எங்கட வாப்பா யாருக்காச்சும் ஏதும் குத்தம் செஞ்சிருந்தா, மாப்புக் குடுங்க" என்று சபையைக் கேட்டான். மாப்புக் கேட்க வேண்டியவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் "குடுத்துட்டோம்" என்றார்கள். முதலாளி, நானாவின் உடல் கிடந்த சந்தூக்கைத் தூக்கக் கை நீட்டினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் இடம் விடவுமில்லை.

முதலாளி ஒரு காருக்குச் சொந்தக்காரர்கூட இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துச் சுகம் கண்டவர்களில் ஒருவன் கலகெதரைக்கு மாப்புக் கேட்க வந்தானா?

முதலாளியும் இப்போது இல்லை. மேல்தட்டில் மூட்டைகள் கிடந்த இடத்தில் இன்று மின்விசிறிப் பெட்டிகள். ஊர் வேர்த்தால்தான் கடைக்குச் சோறு. நானாவின் எண்ணெய்ப் போத்தலை அவர் கடைசிக் காலத்தில் என்னிடம் கொடுத்துவிட்டார், கண்ணில் படவேண்டாம் என்று. இன்று மார்கழிக் காலை, ஜன்னல் திறந்திருக்கிறது, எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. போத்தலைக் கவிழ்த்தேன். எண்ணெய் தண்ணீராட்டம் மூடிப் பக்கம் ஓடி வந்தது. அதில் ஒரு கலப்படமும் இல்லை.