எனக்காக அவள் கேட்ட வாய்தா

என் தங்கைக்கு எல்லாமே கேட்காமல் கிடைக்கும். சின்ன வயதில் அப்பா வாங்கி வரும் காரச்சேவுப் பொட்டலம் முதலில் அவள் கைக்குத்தான் போகும். கல்யாணத்திலும் அதே கதைதான். எனக்கு விருதுநகரில் ஒரு குடிகாரன் வாய்த்தான். அவளுக்குப் பிறந்த ஊரான திருத்தங்கலிலேயே, அச்சகத்தில் வேலை பார்க்கும் தங்கமான மனுஷன். கடைசியில் அப்பா, தாத்தா வழி வந்த வீட்டையும் அவள் பேருக்கே எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வீட்டில் பாதி எனக்கு வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவள் மேல் வழக்குப் போட்டேன்.

கோர்ட்டுக்குப் போனாலும் அவளைப் பார்த்துப் பொருமவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நான் பஸ்ஸில் இடிபட்டுக் கசங்கி வந்து இறங்குவேன். அவளைப் புருஷன் பைக்கில் கொண்டுவந்து இறக்கி, நிழல் பார்த்து உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலையும் திறந்து கொடுப்பான். பிரதிவாதிக்கு இத்தனை சொகுசா என்று பற்றிக்கொண்டு வரும். "சாப்பிட்டியாக்கா?" என்று வேறு கேட்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. தீபாவளி சீசனில் லீவு கிடைக்காமல் வாய்தா மேல் வாய்தா வாங்கினேன். கடைசி வாய்தா, விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் நடக்கும் நாளில் வந்து விழுந்தது. வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு கடை, ஒரு கம்பெனி திறக்காது. கோர்ட்டு மட்டும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஏன் லீவு விடப்போகிறது? வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, அவள் தோற்கணும் தாயே என்று வேண்டிக்கொண்டே சட்டியோடு கோயிலைச் சுற்றினேன்.

மறுநாள் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாதி வரலைன்னு கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா. நான் எம்புட்டோ கேட்டுப் பார்த்தேன், இதுக்கு மேல வாய்தா கிடையாதுன்னுட்டார் ஜட்ஜ்."

அவர் நிறுத்தவில்லை.

"உங்க தங்கச்சியும் எந்திரிச்சுக் கேட்டாங்கம்மா. 'ஐயா, எங்க அக்கா வேணும்னு வராம இருக்கல, ஊர்ல பொங்கலு, சட்டி எடுக்கா. இன்னொரு வாய்தா குடுங்கய்யா'ன்னாங்க. பிரதிவாதியே இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்ல. கோர்ட்டே அவங்களைத்தான் பார்த்துச்சு."

பார்க்கும், ஏன் பார்க்காது? நான் யாருக்காக நெருப்பைச் சுமந்தேனோ அந்த மாரியம்மனே அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாளா என்று ஆத்திரமாக வந்தது.

"ஒண்ணும் கெட்டுப்போகல. வராததுக்குக் காரணம் சொல்லி மனுப் போட்டா, கேஸைத் திரும்ப எடுக்க வழி இருக்கு. ஆட்சேபணை இல்லைன்னு தங்கச்சியே எழுதித் தாறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

கேஸ் செத்தால் வீடு அவளுக்கு. பிழைத்தால் அது அவள் போட்ட பிச்சை. எப்படிப் பார்த்தாலும் நல்ல பேர் அவளுக்குத்தான்.

"மனுப் போடுங்க சார்," என்றேன். "ஆனா அவ ஒண்ணும் எழுதித் தர வேண்டாம். ஒரு தடவையாவது அவ என்னைய எதுத்து நிக்கட்டும்."