நான் வேண்டாமென்ற சீட்டு

பதவி போன மறுநாள் காலையில் முதலில் என் மகளைத்தான் நினைத்தேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். முதலில் நினைத்தது கார் டிரைவரை. இனி எந்த மந்திரி வீட்டுக்கு அவரை அனுப்புவார்களோ என்று யோசித்தேன். பிறகு செய்தித்தாளைத் தேடினேன். முன்பு ஐந்தாறு வரும், அன்றைக்கு ஒன்றுதான் கிடந்தது. மகளின் நினைவு வந்தது பத்து மணிக்கு மேல்தான், வாசலில் மனுவோடு யாரும் நிற்கவில்லை என்று உறுதியான பிறகு. அப்புறம் அது போகவேயில்லை.

நான் பொறியாளனாக ஆரம்பித்தவன். மில் தொழிலாளியின் பிள்ளை. அரசாங்கத்தில் ரோடும் பாலமும் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாடம் நடத்தப் போனேன், போன இடத்தில் துணைவேந்தர் ஆக்கினார்கள். அதற்கும் மேலே ஓட்டுக் கேட்டு மந்திரியும் ஆனேன். இந்த ஊர் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. கடற்கரைச் சாலையில் நடந்தால் இன்றைக்கும் நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் சாரம் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டின் மாடி அறை பூட்டியே கிடக்கிறது. அது அவளுடைய அறை. எங்களுக்கு ஒரே பெண்.

அவள் பொறியியலுக்கு வந்தது என் சொல்லால் அல்ல. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, பிள்ளைச்சாவடியில் கடல் ஊரை அரிக்கிறது என்று கரையில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்; பாடம் நடத்திக்கொண்டே நான்தான் அதற்கு ஆலோசனை சொல்லிவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்கப் போகும்போது ஸ்கூட்டரில் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். லாரியிலிருந்து கல் சரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க கல்லு போட்டா அலை அடுத்த ஊர்ல போய் அடிக்காதா?"

"கிட்ட போவாத, கால்ல விழுந்துடும்" என்றேன். அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. பதில் தெரியாததால் அதட்டினேன். பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கேள்வி அளவுக்கு உருப்படியாக ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ப்ளஸ் டூ முடித்தபோது அவளுக்கு ஒரே ஆசைதான். சிவில் படிக்க வேண்டும், அதுவும் இந்த ஊரிலேயே, எங்கள் பல்கலைக்கழகத்திலேயே. தரவரிசைப் பட்டியலில் பெயர் மேலேயே இருந்தது. யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை, கலந்தாய்வுக்குப் போய் உட்கார்ந்தால் சீட்டு அவளுடையது. நான் அப்போது அங்கே துணைவேந்தர்.

சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னேன். "அங்க வேணாம்மா. மெட்ராஸ்ல பாத்துக்கலாம்."

"ஏம்ப்பா? நான் மார்க் வாங்கிதானே வரேன்?"

"அது நமக்குத் தெரியும். ஊரு என்னா பேசும்? துணைவேந்தர் பொண்ணுக்குச் சீட்டு போட்டுக்கினாருன்னு பேசும்."

அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து எழுந்து போனாள். என் மனைவிதான் ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஊரு பேசும் ஊரு பேசும்னு, கடைசில ஊருக்காகத்தான் புள்ளையே பெத்தோமா நாம?" எனக்குக் கோபம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பாலம் கட்டுகிறவன், வரப்போகிற பாரத்துக்கு மேலேயே கணக்குப் போட்டுத்தான் கம்பி கட்டுவான். நேர்மையிலும் நான் அப்படித்தான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். கூடுதலாகப் போட்டதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் படித்தாள். பள்ளிக்கூடத்தில் மார்க் நிறைய வரும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுப்பார்கள், அவளும் எடுத்திருந்தாள். அது அப்போது உதவியது. ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு மேல்படிப்புக்கு பிரான்சுக்குப் போனாள். கடலரிப்பில்தான் ஆராய்ச்சி. "ரெண்டு வருஷம்தான்ப்பா, முடிச்சிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதை அவள் மனசாரச் சொன்னாள், எனக்குத் தெரியும்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான். அந்த சீட்டுக் கதையை மேடையில் சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் தடவை ஏதோ ஒரு பட்டமளிப்பு விழாவில் பேச்சுவாக்கில் வந்துவிட்டது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் ருசி கண்டுவிட்டேன். அப்புறம் ரோட்டரி கூட்டம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வாழ்த்துரை என்று போகிற இடமெல்லாம் அதே கதை. தேர்தலில் நின்றபோது கட்சிக்காரர்கள் அதை அப்படியே நோட்டீசில் போட்டார்கள்: 'பெற்ற மகளுக்கே சீட்டு வேண்டாமென்ற பெருந்தகை.' புரூஃப் என் கைக்கு வந்தது. படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து அவள் லீவில் வந்திருந்தாள். தவளக்குப்பம் ஜங்ஷனில் கூட்டம். ஜீப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை ஓரமாக அவளும் அவள் அம்மாவும் நின்றார்கள். கட்சிப் பையன் ஒருவன் யாரென்று தெரியாமல் அவள் கையிலும் ஒரு நோட்டீசைக் கொடுத்தான். அவள் அதைப் படிப்பதை ஜீப்பிலிருந்தே பார்த்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நானோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன், நிறுத்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த நோட்டீசைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்தேன், மந்திரியானேன். வாசலில் தினமும் கூட்டம். என் பிள்ளைக்கு சீட்டு, என் பெண்ணுக்கு வேலை என்று வருகிற எல்லாருக்கும் முகம் கோணாமல் சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன். பக்கத்தில் காபி கொண்டுவந்து வைக்கும் என் மனைவி அந்தக் கடிதங்களைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள்.

அடுத்த வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் அவள் துறையிலேயே ஒரு ஆசிரியர் இடம் காலியாயிற்று. அவள் ஆராய்ச்சியை முடித்து, பிரான்சிலேயே ஒரு தற்காலிக வேலையில் இருந்தாள். என் மனைவி போனில் அவளை விண்ணப்பம் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படிம்மா போடறது? நோட்டீஸ்ல வேற போட்டுட்டாரு. இப்ப நான் வந்து நின்னா அப்பா பேரு என்னாத்துக்கு ஆவும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பேர் கிடக்கட்டும், நீ விண்ணப்பம் போடு என்று ஒரு வாக்கியம் போதும். வாயில் வந்தது. மந்திரி நாற்காலி முழுங்க வைத்துவிட்டது. அந்த மாசமே அங்கே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது எனக்குப் பதவி இல்லை. ஏங்குகிறேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. சாயங்காலம் பீச்சில் யாராவது ஒரு பெண் அப்பாவோடு வாக்கிங் போனால், அவர்களுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடக்கிறேன். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுக்கிறேன். ஒரு நாள் ஒரு பெண் அவள் அப்பாவிடம், அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சலித்துக்கொண்டார். கொடுத்து வைத்த மனுஷன், அது அவருக்குத் தெரியவில்லை.

போன மாசம் மறுபடியும் விளம்பரம் வந்தது. அதே பல்கலைக்கழகம், அதே துறை. அதை மேசையில் விரித்து வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்துக்கினே இருந்தா ஆச்சா? கேளுங்க" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே போன் போட்டேன். வழக்கமாக அவள்தான் கூப்பிடுவாள், அதனால் எடுத்ததும் பதறிப்போய் "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். கடைசித் தேதியையும் சொன்னேன். இப்போது நான் எதிலும் இல்லை, யாரும் ஒரு பேச்சுப் பேச முடியாது என்றேன். பழைய மந்திரி விளக்கம் கொடுக்கிற மாதிரி நீளமாகப் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இங்க பழகிடுச்சுப்பா" என்றாள். "என் ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்க. வீடு வாங்கியிருக்கேன். இங்க யாரும் என்னை யாரு பொண்ணுன்னு கேக்கறதில்ல."

"என் மேல கோவமாம்மா?"

"சேச்சே, அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

அப்போதுதான் சொன்னேன். விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, ஊரை ஒதுக்கிவிட்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, "எனக்கு நீ இங்க வேணும்மா. எனக்காக வா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வந்திருப்பேனேப்பா" என்றாள்.

அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் செய்யவாவது முயன்றிருப்பேன். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை.