மலையிலிருந்து முதலில் இறங்கியவன்

நான் ஓட்டக்காரன் ஆனது ஆசைப்பட்டு அல்ல, பயந்து.

தாராவியில் எங்கள் வரிசை முழுக்கத் தகரமும் பலகையும்தான். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும். எனக்கு மாட்டுங்காவில், கிரில் கேட் செய்யும் பட்டறையில் வேலை. மனைவி தேவ்நாரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலில் வீட்டில் ஆள் கிடையாது. வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு ஸ்டவ் ஞாபகம் வந்துவிடும். அணைத்தோமா? பூட்டினோமா? சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபனைத் திறப்பார்கள், நான் வீட்டுக்கு ஓடுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை வந்துவிட்டு, மறுபடி போய் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் பட்டறைக்குத் திரும்பி ஓட முடியும்.

படிப்பு ஏழாவதோடு நின்றதும் இப்படித்தான். பரீட்சை நடுவில், வீட்டுக் குழாயை மூடினேனா என்று பார்க்க எழுந்து ஓடிவிட்டேன். குழாய் மூடித்தான் இருந்தது. திரும்பி வகுப்புக்குள் நுழையக் கூசியது. மறுநாளும் கூசியது. அதோடு சரி.

மலை ஓட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் பட்டறை முதலாளி. தென்காசிப் பக்கத்து முஸ்லிம், வாய் ஓயாத மனிதர். மலையேறும் கிளப்காரர்கள் சிலர் இரும்பு ஏணி செய்ய வந்தபோது, கர்ஜத்துக்கு அந்தப்புறம் ஒரு கோட்டை வரை ஓடி ஏறி, மலை முதுகோடு அடுத்த சிகரத்துக்குப் போய், அதே வழியில் திரும்பும் ஒரு போட்டி நடத்தப்போவதாகச் சொன்னார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

"ஏல, தெனம் வேகாத வெயில்ல பூட்டப் பாக்க ஓடுதியே, ஒரு நாளு மனுசன் பாக்க ஓடேன்" என்றார் முதலாளி.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. முதல் லோக்கல் ரயிலில் பட்டறை மொத்தமும் கிளம்பி வந்தது. மனைவியும் வந்தாள். முதலாளி முந்தின நாளே மாட்டுங்கா பூக்கடையில் சாமந்தி மாலை கட்டி வாங்கி, வாழை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "தோத்தாலும் போடுவேன், காசு குடுத்தாச்சு" என்று ரயில் முழுக்கச் சிரிப்பு.

நன்றாகத்தான் ஓடினேன். இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. செம்மண் பாதை வழுக்கியது, கான்வாஸ் ஷூவுக்குள் சரளை புகுந்து குத்தியது. ஆனாலும் மூச்சு இடறவில்லை. கோட்டை வாசலைத் தாண்டும்போது எனக்கு முன்னால் மூன்று பேர்தான். மலை முதுகில் இரண்டு பக்கமும் பள்ளம், எதிரே காற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் நினைக்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த சிகரத்தில் திரும்பும் இடம். அங்கே மணிக்கட்டில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிடுவார்கள். சிகரமும் ரிப்பன்காரர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். முன்னால் போன மூன்று பேரும் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் கொடுக்கும் இடம். கிளப் பையன் ஒருவன் டீ போடுவதற்காக ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் வாடை. உஸ்ஸென்று நீலத் தீ.

நின்றுவிட்டேன்.

காலையில் கடைசியாக வீட்டைவிட்டு வெளியே வந்தவள் என் மனைவி. பூட்டியது நான். உள்ளே அவள் அணைத்தாளா?

"அரே, ருக் கியூ கயா? பாக்!" என்று பையன் கத்தினான். ஏன் நின்றாய், ஓடு என்கிறான். ஓடினேன், வந்த வழியே கீழே. ஏறி வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வரிசை எரிவது எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை தெரிந்தது. அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

அடிவாரத்தில் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்குப் புரியவேயில்லை. "வந்துட்டாம்ல! நம்ம பய மொதல்ல வந்துட்டான்!" என்று முதலாளி ஓடி வந்து மாலையைப் போட்டுவிட்டார். பட்டறை ஆட்கள் என்னைத் தூக்கினார்கள். நான் அவர்கள் தோளில் இருந்தபடியே மனைவியைத் தேடினேன்.

"ஸ்டவ்வ அணைச்சியா?"

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் மாறவில்லை. "என்னது?"

"ஸ்டவ்வு! கடைசியா நீதான வெளிய வந்த. அணைச்சியா?"

"காலைல எங்க பத்த வச்சோம்? ராத்திரி கிண்டுன புளிச்சோறுல்லா கட்டிட்டு வந்தோம். டீகூட ஸ்டேஷன்லதான குடிச்சிய."

என்னைத் தூக்கியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. கிளப்காரர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ரிப்பன் இல்லை. அவர் கோபப்படவில்லை. நேரம் நிறைய இருக்கிறது, வேண்டுமானால் மறுபடி ஏறு, முடித்ததாக எழுதிக்கொள்கிறோம் என்று இந்தியில் சொன்னார்.

"ஏறுல" என்றார் முதலாளி. "ஒனக்கு இது ஒரு மலையா? ஏறு."

மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

காலில் தெம்பு இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் மறுபடி ஓட்டம் தொடங்கும் கோட்டில் போய் நிற்க முடியவில்லை. லாரி ஒன்று நின்றிருந்தது, அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நெடுநேரம் கழித்து நிஜமாகவே முதலில் வந்தவர் வந்தார். நடுத்தர வயது மராத்திக்காரர், முழங்காலெல்லாம் ரத்தம். கூட்டம் உடனே கை தட்டவில்லை. முதலில் அவர் கையில் ரிப்பன் இருக்கிறதா என்று பார்த்தது. என்னால்தான். ரிப்பனைப் பார்த்த பிறகு தட்டிய தட்டலிலும் சத்தம் இல்லை, எனக்கே எல்லாவற்றையும் தட்டித் தீர்த்திருந்தார்கள். கழுத்தில் மாலை இன்னும் கிடப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன். வியர்வை ஊறிய அந்த மாலையை அவர் அந்த மனிதருக்குப் போட்டார். மராத்திக்காரர் விவரம் தெரியாமல் இரண்டு கையும் கூப்பினார்.

திரும்பும் ரயிலில் ஒருவன் ஆரம்பித்தான்: "அண்ணாச்சி, உச்சியில ஒரு டெலிபோன் பூத்து இருந்திருந்தா..." முதலாளி அவனை முறைத்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சயானில் இறங்கி வீடு வரை நடந்தோம். மனைவி முன்னால், நான் பின்னால். எங்கள் வரிசை அப்படியே இருந்தது, எதிர்வீட்டுக் குழந்தை வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தது. பூட்டு தொங்கியது. நான் அதை இழுத்துப் பார்க்கவில்லை. அவள் திறந்தாள், விளக்கைப் போட்டாள், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

"தொட்டுப் பாத்துக்கிடுங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

வேண்டாம் என்றேன். பாயை விரித்து உட்கார்ந்தேன். அவள் முகம் கழுவ வெளியே போனதும் எழுந்து போய்த் தொட்டேன். சில்லென்று இருந்தது. நிமிர்ந்தால், வாசலில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.