இன்னொருக்கா பார்க்க நினைத்த படம்

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனால், டூரிங் கொட்டகையில் படம் பார்க்காமல் என் வீட்டுக்காரர் மலையேற மாட்டார். ஒரு டைரக்டர் மேல் அவருக்கு உயிர். அந்த டைரக்டர் வயதான காலத்தில் எடுத்த படம் ஒன்று வந்திருந்தது. நன்றாக இல்லை என்று சந்தை முழுக்கப் பேச்சு. அந்த முறை என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஐப்பசி மழையில் எங்கள் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தோம். என்னைத் தனியாக விட்டுவர அவருக்கு மனமில்லை.

மறுநாள் காலை மலையேறும்போது புலம்பிக்கொண்டே வந்தார்.

"முந்தியெல்லாம் அவரு படத்துல சண்டை என்ன, பாட்டு என்ன! இதுல ஒருத்தன் புள்ளையப் பறிகுடுத்துட்டு வெறுந்தொட்டிலையே பாத்துட்டு ஒக்காந்திருக்கான். இது ஒரு படமா?"

"அவரு எடுத்ததுலயே இதுதானுங்க நல்ல படமா இருக்கும்" என்றேன்.

"உனக்கென்ன தெரியும் புள்ள? நீ பாத்ததே இந்த ஒண்ணுதான்."

"ஆமாங்க. ஆனா நீங்களும் அப்பிடித்தானே ஒக்காந்திருந்தீங்க. சோத்துக்குக் கூப்பிட்டப்பக்கூடத் திரும்பலையே."

அவர் அதற்குமேல் ஏறவில்லை. பாதையோரப் பாறையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குழந்தை போன அன்றுகூட அவர் அழவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னொருக்கா பாக்கலாம் புள்ள" என்றார் கடைசியில்.

அடுத்த சந்தையன்று நேரத்திலேயே இறங்கிப் போனோம். கூட்டமில்லை என்று அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு, அதே டைரக்டரின் பழைய சண்டைப் படத்தைப் போட்டிருந்தார்கள். சனம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனது. அவர் டிக்கெட் வாங்கவில்லை. அந்தப் படம் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று கொட்டகைக்காரனிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.