பாட்டுக்குத் தொட்டில் கட்டிய ஆவுடையப்பன்

சாமான் அந்தரத்தில் மிதக்கும் அதிசயத்தை உலகத்திலேயே இரண்டு இடத்தில்தான் பார்க்கலாம். ஒன்று, அமெரிக்காக்காரன் நிலாவுக்கு விட்ட ராக்கெட். இன்னொன்று, ராஜபாளையம் டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் ஆவுடையப்பனின் பழைய அம்பாசிடர். ராக்கெட்டில் பாட்டு கேட்குமா என்று தெரியாது. ஆகையால் அம்பாசிடர்தான் முதலிடம்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சௌந்தரபாண்டியனுக்குக் கல்யாணம், பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளை ஒரு பை நிறைய சி.டி. கொண்டுவந்திருந்தார். காரில் அந்தப் பாட்டுதான் ஓட வேண்டுமாம். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பாட்டு திக்குச்சுன்னா சோலைராஜ் சுமோவுல ஏறிருவோம். பொறவு வருத்தப்படக் கூடாது."

அதே ஸ்டாண்டில் நிற்கும் சோலைராஜின் சுமோவில் சி.டி. போடும் பெட்டியே இருந்தது. ஏற்கெனவே நாலு முகூர்த்தச் சவாரி அதற்குப் போயாயிற்று. இதுவும் போனால் சொந்தக் காரை விற்றுவிட்டு, சோலைராஜிடமே சம்பளத்துக்கு ஓட்ட வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் மதுரைக்குப் போய் ஒரு கேசட் வாங்கி வந்தார். அதற்குள் நாடா கிடையாது. வால் மாதிரி ஒரு ஒயர் மட்டும். கேசட்டைக் கார் டேப்பில் செருகி, ஒயரை மாப்பிள்ளை தந்த கையடக்க சி.டி. பிளேயரில் மாட்டினால் பாட்டு வந்தது. ஆனால் கார் ஒரு குழியில் விழுந்தால் போதும், பாட்டுக்கு விக்கல். சீட்டில் வைத்தார், தலையணையில் வைத்தார். விக்கல் நிற்கவில்லை.

கடைசியில் மனைவி இசக்கியம்மாளின் பழைய நூல் சேலையை எடுத்து, பின் கதவுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அழகாக ஒரு தொட்டில் போட்டு, அதற்குள் பிளேயரைக் கிடத்தினார். கார் குலுங்கியது, தொட்டில் ஆடியது, பாட்டு நிம்மதியாக ஓடியது.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் போய் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை அழகுத்தாய் கதவைத் திறந்தார்.

"அடப் பாவி! தாலி ஏறுமுன்ன மாப்பிள கார்ல தொட்டிலா? பொண்ணு வீட்டுக்காரவிய என்ன நினைப்பாவ?"

"அக்கா, உள்ள பிள்ள இல்ல. பாட்டு தூங்குது."

"தூங்குத பாட்ட எதுக்குலே கூட்டிட்டு வாரே?"

தெருவே சிரித்தது. சங்கரலிங்கம் சிரிக்கவில்லை, சுமோ நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பன் சேலையை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவர் அதைப் பல்லால் கடித்து இழுப்பதை அழகுத்தாய் பார்த்துவிட்டார்.

"இதுக்கு ஆட்டம் ஆகாது, அம்புட்டுதானே? கொண்டா இப்படி. ஏழு பிள்ளையத் தூக்கின கை இது."

பிளேயரை மடியில் வைக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். பின் சீட்டு மூலையில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. கார் துள்ளும்போது உடம்புதான் துள்ளியது, கை துள்ளவில்லை. ஆவுடையப்பன் ஒவ்வொரு குழியையும் கும்பிடாத குறையாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்து வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் அத்தை இறங்கவில்லை.

"செத்த நேரம் இரு. இந்தப் பாட்டு முடியட்டும்."

சங்கரலிங்கம் ஆவுடையப்பனின் ஜன்னலோரம் குனிந்தார். "மறுவீட்டுக்கும் நீயே வந்துரு. தொட்டில் வேண்டாம்."

வழி நெடுக ஒரு தடவைகூடப் பாட்டு அறுபடவில்லை.

இதுவரைக்கும் நான் எழுதி ஸ்டாண்டில் வாசித்துக் காட்டியபோது, ஆவுடையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பொய் எழுதாதலே. மில் முக்குல லாரிக்கு ஒதுங்கும்போது பாட்டு நின்னே போச்சு. எனக்கு உசுரே இல்ல. அப்ப பின் சீட்டு மூலையில இருந்து, விட்ட எடத்துலருந்து காக்காக் குரல்ல எடுத்துப் பாடி எல்லாரையும் சிரிக்க வச்சது யாரு? மறுபடி பாட்டு வார வரைக்கும் வாய மூடலியே அந்தப் பய. அத மட்டும் ஏம்லே எழுதல?"