பிரெட் மெஷினும் என் வலது கையும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குள் பிரெட் பாக்கெட் போகிறது என்றால் அங்கே யாரோ படுத்துக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ச்சல்காரருக்கு பிரெட், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு பிரெட், பார்க்கப் போகிறவர் கையிலும் பிரெட். வலது மார்பில் ஆபரேஷன் முடிந்து நான் வீடு திரும்பிய ஆறு மாதத்தில், கடலூரில் இருக்கிற அத்தனை பேக்கரியும் என் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "பால்ல நனைச்சி சாப்புடும்மா" என்றார்கள். நனைத்து நனைத்துத் தின்று வெறுத்துப் போனேன்.

அப்பேர்ப்பட்ட நான்தான் பிரெட் மெஷின் வாங்க வேண்டும் என்று கிளம்பினேன். மஞ்சக்குப்பத்து வீட்டில் அன்றைக்கு நடந்த ரகளை இருக்கிறதே!

"பிரெட்டு செய்யறதுக்கு ஒரு மெஷினா? இப்ப யாருக்குக் காய்ச்சலு?" என்றார் மாமியார்.

"தெருமுனையில பேக்கரி இருக்குது. போன் பண்ணா கொண்டாந்து குடுக்கறான்" என்றார் கணவர்.

"இட்லியுந்தான் தெருமுனையில கெடைக்குது. நம்ம ஊட்டுல கிரைண்டர் எதுக்கு?" என்று கேட்டேன். அவர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பதில் தெரியாத கேள்வி வந்தால் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்பார். அன்றும் அதையே சொன்னார்.

விஷயம் பிரெட்டே இல்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால், அதாவது வலது கையால், கனம் தூக்கக் கூடாது, அழுத்தி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள், லேசான வேலைகளைச் செய்யுங்கள் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். என் வீட்டாருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. டம்ளரைத் தொட்டால், "உடு உடு, நான் எடுக்கறேன்." கரண்டியைத் தொட்டால், "உடு உடு." பன்னிரண்டு பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைந்த கை இது! அன்பு என்பார்கள். அன்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் சமையலறையிலேயே நான் விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாவை மெஷின் பிசையட்டும். அளந்து போடுவதும், என்ன போடுவது என்று முடிவு செய்வதும் நான். இது நான் செய்தது என்று சொல்லி ஒரு தட்டை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனாரிடம் ஒரு மெஷின் இருந்தது. அவர் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். "எடுத்துட்டுப் போயி ஒரு மாசம் போட்டுப் பாரு. சரிப்பட்டா புதுசு வாங்கிக்க, இல்லன்னா தலவலி தீந்துச்சி" என்றார். பஸ்ஸில் ஏற்றியது கணவர். மடியில் வைத்துக்கொண்டது நான். புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும், "குடு, நான் வச்சிக்கறேன்" என்றபடியே வந்தார். நான் கொடுக்கவில்லை.

முதல் பிரெட் செங்கல். மெஷினோடு வந்த அளவுக் கப் தொலைந்து போயிருந்தது. வீட்டு ஆழாக்கில் அளந்ததில் தண்ணீர் போதவில்லை. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் மாவைக் கிளறும் துடுப்பு நின்ற இடத்தில், அடியில் ஒரு ஓட்டை. "மெதுவடைக்குத் தம்பி பொறந்துருக்கான்" என்று கணவர் கேலி செய்தார். செய்யட்டும். நாலு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் செய்தார்.

மூன்றாவதில்தான் சண்டை. எல்லாவற்றையும் போட்டு மெஷினை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். பாதிப் பிசையலில், திராட்சை கிராட்சை போடுவதென்றால் இப்போது போடு என்று அது பீப் பீப் என்று கத்தும். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சத்தமே இல்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறது.

"மூணு விசில் வந்துடுச்சி. நான்தான் நிறுத்தனேன்" என்றார் மாமியார், பெருமையாக.

மூன்று விசில்! குக்கர் பருப்புக்குப் பார்க்கிற கணக்கு. மூடியைத் திறந்தால் பச்சை மாவு.

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அத்த? ஒரு வேலைய ஆரம்பிச்சா முடிக்க உட மாட்டீங்களா? நான் ஒண்ணும் செத்துப் போயிடல!" என்று கத்திவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சாமிகிட்ட என்னா கேட்டேன் தெரியுமா? அவ ஒரு வேலையும் செய்ய வாணாம், கண்ணெதிர உக்காந்திருந்தா போதும்னு கேட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உக்காந்தே இருக்கறதுக்கு என்னால ஆவாது அத்த" என்றேன்.

மாவை வீணாக்க மனம் வரவில்லை. அவர் உருண்டை பிடித்துக் கொடுக்க, நான் தட்டித் தோசைக்கல்லில் போட்டேன். வலது கையால்தான் தட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

மாதம் முடிந்தது. நியாயமாகப் பார்த்தால் அது வாங்க வேண்டிய பொருளே இல்லை. கடை பிரெட்டைவிட மலிவும் இல்லை. மேடையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. நடுவில் கரண்ட் போனால் அம்போ. ஓட்டை வேறு. இத்தனையும் கணவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே ஒப்பித்துவிட்டு, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த என் காசில் புதுசாக ஒன்று வாங்கினேன்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை, சேத்தியாத்தோப்பிலிருந்து கணவரின் சித்தப்பா என்னைப் பார்க்க வந்தார். கையில் என்ன? பிரெட் பாக்கெட்! "ஒடம்பு எப்புடிம்மா இருக்குது?" என்று நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா, உக்காருங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே மெஷின் கத்தியது. வெந்துவிட்டது. சூட்டோடு பாத்திரத்தை ஒரு திருகு திருகி மேலே இழுக்க வேண்டும். எனக்கு அது வலது கைக்குத்தான் வரும். நான் துணியை எடுத்தேன். வழக்கம்போல கணவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"உடு உடு, நான் எடுக்கறேன்..."

"நீ உடுடா" என்றார் மாமியார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அவ எடுப்பா."

திருகி எடுத்தேன். கொஞ்சம் வலித்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.