நடுவில் இருந்த ஓட்டை

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாட்டின்போது எங்கே நெரிசல் என்பதைக் கூட்டத்தின் போன்களிலிருந்து வரும் இருப்பிடப் புள்ளிகளை வைத்து உடனுக்குடன் காட்டுவதுதான் என் வேலை. புள்ளிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் பிரபந்தம் பாடும் கோஷ்டி, பின்னால் வேதம் ஓதும் கோஷ்டி. என் புரோகிராமோ ஒரே ஊர்வலத்தை இரண்டு கூட்டமாக வெட்டியது. எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒரே கூட்டம் என்ற அளவைத் தளர்த்தினால் பக்கத்துத் தெரு டீக்கடையையும் இழுத்துப் போட்டுக்கொண்டது. தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடைசியில், புள்ளிகள் சேர்ந்து என்ன வடிவம் தருகின்றன என்று பார்க்கும் டோபாலஜி கணக்கைச் சேர்த்தேன். இருபக்கமும் நடந்த பக்தர்களின் புள்ளிகளும் சேர்ந்து, ஊர்வலம் வளையமாகத் தெரிந்தது. நடுவில் ஓர் ஓட்டை, மூடாமல் தெருவோடு நகர்ந்தது. அதைப் பின்தொடர்ந்தால் கூட்டம் உடையவே இல்லை.

சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "நடுவுல காலியா இருக்குதேபா. டேட்டா மிஸ்ஸிங். ஃபில் பண்ணிடு."

"அங்கதான் சார் பெருமாள் வராரு. தூக்குறவங்க யாரும் போன் வெச்சிக்கினு தூக்க மாட்டாங்க."

"அதெல்லாம் கிளையன்ட்டுக்குப் புரியாது. ஃபில் பண்ணு."

எரிச்சலோடு போலிப் புள்ளிகளைக் கொட்டி நிரப்பினேன். அடுத்த புறப்பாட்டில் அந்த இடம்தான் திரையிலேயே நெரிசலைக் காட்டும் சிவப்பு அதிகம். பக்கத்தில் நின்று திரையைப் பார்த்த போலீஸ் அதிகாரி மைக்கை எடுத்தார்: "நடுவுல நிக்கிறவங்கள மொதல்ல வெளியேத்துங்கபா!"